பெர்லின் முற்றுகையை முடித்துவைத்த சட்டப் பேராசிரியர்: ஃபிலிப் ஜெஸப் பற்றி ஒரு விவாதம்

#1 கலைமதி

சட்டக் கல்லூரிப் பிள்ளைகள் எல்லாருக்கும் "ஜெஸப்" என்றால் மூட் கோர்ட் (மாதிரி நீதிமன்ற வாதம்) போட்டிதான். அந்தப் பெயருக்குரிய மனிதர் யார் என்று கேட்டால் பாதிப் பேர் விழிக்கிறார்கள். அதற்காகவே இந்த இழையைத் தொடங்குகிறேன்.

ஃபிலிப் சி. ஜெஸப், 1897-ல் நியூயார்க்கில் பிறந்தவர். முதல் உலகப் போரில் படைவீரர். ஹாமில்டன் கல்லூரி, பிறகு யேலில் சட்டப் பட்டம், கொலம்பியாவில் முனைவர் பட்டம். 1925-ல் கொலம்பியாவில் பாடம் எடுக்கத் தொடங்கினார். முனைவர் ஆய்வு கடல் எல்லைச் சட்டம் பற்றியது. 1927-ல் அது புத்தகமாக வந்தது. 1929-ல் முன்னாள் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் எலிஹு ரூட்டுக்கு உதவியாளராக ஜெனிவா போனார். நிரந்தர சர்வதேச நீதிமன்றத்தின் சட்டவிதிகளைத் திருத்தும் வல்லுநர் கூட்டம் அது. பின்னாளில் ரூட்டின் வாழ்க்கை வரலாற்றை இரண்டு தொகுதிகளாக எழுதியவரும் இவரே. 1944 பிரெட்டன் உட்ஸ் நிதி மாநாடு, ஐ.நா. உருவான 1945 சான் ஃபிரான்சிஸ்கோ மாநாடு இரண்டிலும் இருந்தார். 1948-ல் பாதுகாப்பு கவுன்சிலில் அமெரிக்காவின் துணைப் பிரதிநிதி. 1949 முதல் 1953 வரை குறிப்பிட்ட நாடு எதற்கும் என்றில்லாமல், அனுப்பிய இடத்துக்கெல்லாம் போகும் சிறப்புத் தூதர். 1961 முதல் 1970 வரை ஹேக் சர்வதேச நீதிமன்ற நீதிபதி. 1986-ல் மறைந்தார்.

பதவிகளின் பட்டியல் எங்கும் கிடைக்கும். எனக்கு முக்கியமாகப் படுவது வேறு. சொற்களை ஒவ்வொன்றாக எடுத்து எடை போடும் சட்ட வாத்தியாரின் பழக்கம் ராஜதந்திரத்தில் எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது? பெர்லின், செனட், தென்மேற்கு ஆப்பிரிக்கா வழக்கு ஆகிய மூன்றையும் விவரம் தெரிந்தவர்கள் எடுத்துப் பேசினால் நன்றாக இருக்கும்.

#2 பழையசுவடி

பெர்லினில் இருந்து தொடங்குகிறேன்.

போருக்குப் பிறகு ஜெர்மனியை அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ், சோவியத் நான்கும் மண்டலங்களாகப் பிரித்து ஆண்டன. பெர்லின் சோவியத் மண்டலத்துக்கு நடுவே இருந்தது. 1948 ஜூன் 24 அன்று சோவியத் தரப்பு மேற்கு பெர்லினுக்கான சாலை, ரயில், நீர்வழி மூன்றையும் அடைத்தது. மேற்கு மண்டலங்களில் புதிய நாணயம் கொண்டுவந்ததுதான் காரணம் என்று அவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அதனால் எந்தப் பேச்சு தொடங்கினாலும் "முதலில் நாணயப் பிரச்சினை" என்ற இடத்தில் போய் முட்டியது.

1949 ஜனவரி கடைசியில் அமெரிக்கச் செய்தியாளர் கிங்ஸ்பரி ஸ்மித் அனுப்பிய கேள்விகளுக்கு ஸ்டாலின் எழுத்தில் பதில் தந்தார். முற்றுகையை விலக்க மூன்று நிபந்தனைகள்: தனி மேற்கு ஜெர்மன் அரசு அமைப்பதைத் தள்ளிவைக்க வேண்டும்; நான்கு நாட்டு வெளியுறவு அமைச்சர்கள் கூட வேண்டும்; மேற்குத் தரப்பு போட்ட எதிர்த்தடைகளும் கூடவே விலக வேண்டும். நாணயம் பற்றி ஒரு சொல்கூட இல்லை.

பிப்ரவரி 15, நியூயார்க் அருகே லேக் சக்ஸஸ். ஐ.நா. அப்போது அங்கேதான் இயங்கியது. பிரதிநிதிகள் ஓய்வறையில் ஜெஸப் சோவியத் பிரதிநிதி யாக்கோவ் மாலிக்கைச் சந்தித்து, வேறு பேச்சோடு பேச்சாக ஒன்று கேட்டார்: நாணயத்தைக் குறிப்பிடாமல் விட்டதற்கு அர்த்தம் உண்டா? தெரியாது என்றார் மாலிக். தெரிய வந்தால் சொல்லுங்கள் என்று சொல்லிவிட்டு ஜெஸப் நகர்ந்துவிட்டார். அவ்வளவுதான் நடந்தது. கோரிக்கை வைக்கவில்லை, முன்மொழிவும் இல்லை. மாஸ்கோ மறுத்திருந்தாலும் யாருக்கும் முகம் போயிருக்காது.

சரியாக ஒரு மாதம் கழித்து, மார்ச் 15 அன்று மாலிக் அவரை அழைத்தார். விடுபட்டது "தற்செயல் அல்ல" என்பது பதில். நாணயத்தை வெளியுறவு அமைச்சர்கள் கூட்டத்திலேயே பேசிக்கொள்ளலாம் என்றார். உடனே ஜெஸப்பின் அடுத்த கேள்வி: கூட்டத்துக்கு முன்பே முற்றுகை விலகுமா, கூட்டம் நடக்கும்போதும் நீடிக்குமா? அதைக் கேட்டுவர எனக்கு உத்தரவில்லை என்றார் மாலிக். கேட்டுச் சொல்லுங்கள் என்றார் ஜெஸப். மார்ச் 21-ல் அதற்கும் பதில் வந்தது. கூட்டத்துக்குத் தேதி குறித்துவிட்டால் அதற்கு முன்பே முற்றுகையை விலக்கலாம்.

ஒவ்வொரு முறையும் ஒரே ஒரு கேள்வி. வகுப்பறையில் மாணவனின் வாயாலேயே விடையை வரவழைக்கும் முறை இது.

#3 கடலோடி

தலைப்பை ஒத்துக்கொள்ள முடியவில்லை, மன்னிக்கவும். முற்றுகையை முடித்துவைத்தது மேற்கு நாடுகள் நகரத்துக்குச் சரக்கு ஏற்றிப்போன விமானங்களும் எதிர்த்தடையும்.

ஏப்ரல் 15-16, ஈஸ்டர் சமயம். 24 மணி நேரத்தில் 1,398 விமானப் பயணங்களில் 12,941 டன் சரக்கு பெர்லினில் இறங்கியது. குளிர்காலத்தில் நகரம் பட்டினி கிடந்து பணியும் என்ற கணக்கு அதற்கு முன்பே பொய்த்துவிட்டது. மறுபக்கம் மேற்கு மண்டலங்களில் இருந்து சோவியத் மண்டலத்துக்குப் போகவேண்டிய நிலக்கரியும் எஃகும் நின்றுபோயின. அங்கே தொழிற்சாலைகள் திணறின. ஸ்டாலினே இறங்கிவர வழி தேடிக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் ஓய்வறையில் யார் கேட்டிருந்தாலும் பதில் வந்திருக்கும்.

இன்னொன்று. நாணயம் விடுபட்டதை முதலில் கண்டுபிடித்தவர் ஜெஸப் அல்ல. வெளியுறவுத் துறையில் சோவியத் விவகாரம் பார்த்த சார்ல்ஸ் போலன்தான் அதைச் சுட்டிக்காட்டினார் என்று அமைச்சர் டீன் ஆச்சஸனே பதிவு செய்திருக்கிறார். அவர் சுட்டிக்காட்டியதை ஜெஸப் போய்க் கேட்டார், அவ்வளவுதான்.

#4 பழையசுவடி

போலன் விஷயத்தில் நீங்கள் சொல்வதே சரி, கடலோடி. நான் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். விமானப் பாலத்தின் பங்கையும் யாரும் மறுக்க முடியாது. எதிராளி களைத்திராவிட்டால் கேள்விக்கு விடையே வந்திருக்காது.

ஆனால் "யார் கேட்டிருந்தாலும்" என்பதை ஏற்க மாட்டேன். மாஸ்கோவில் அமெரிக்கத் தூதரகம் இருந்தது. அதை விட்டுவிட்டு நியூயார்க் வழியை ஆச்சஸன் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம், அங்கே விஷயம் தெரிந்தவர்கள் மிகச் சிலராகவே இருப்பார்கள் என்பது. தூதரகம் வழியாகப் போனால் தந்தி, சங்கேதம், பல மேசைகள். கூட்டாளிகளுக்குத் தெரிந்தால் பத்திரிகைக்குப் போகும். பத்திரிகைக்குப் போனால் மாஸ்கோ மறுத்துத்தான் ஆகவேண்டும். ஜெஸப்பும் மாலிக்கும் அன்றாடம் ஒரே கட்டடத்தில் புழங்கியவர்கள். இரண்டு பேர் ஓய்வறையில் நின்று பேசினால் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். பிரிட்டனுக்கும் பிரான்சுக்கும்கூட மார்ச் 15-க்குப் பிறகுதான் சொன்னார்கள்.

அவருடைய உண்மையான பங்கு அதற்கு அப்புறம்தான் வருகிறது. மாலிக்கின் பேச்சில் ஒரு பொறி இருந்தது. மேற்கு ஜெர்மன் அரசு அமைக்கும் வேலை நின்றுவிட்டது என்று வைத்துக்கொண்டே பேசினார். ஜெஸப் தலையாட்டிவிட்டு வந்திருந்தால் அது வாய்வழி ஒப்புதலாக மாஸ்கோ பதிவில் ஏறியிருக்கும். ஏப்ரல் 5 அன்று, மூன்று நாடுகளும் ஒத்துக்கொண்ட வாசகத்தைக் கையில் எடுத்துப் போய் மாலிக் முன்னால் வாசித்தார். இப்போது பேசுவது இரண்டே இரண்டு: இருபக்கத் தடையும் ஒரே நேரத்தில் விலகுவது, கூட்டத்துக்குத் தேதி. மேற்கு ஜெர்மனி ஏற்பாடுகள் நிற்கவில்லை, நிற்கவும் போவதில்லை. இதைத் தெளிவாகச் சொன்ன பிறகும் பேச்சு தொடர்ந்தது என்பதுதான் விஷயம். மே 8-ல் பான் நகரில் மேற்கு ஜெர்மனியின் அரசியலமைப்பான அடிப்படைச் சட்டம் நிறைவேறியபோது "ஏமாற்றிவிட்டீர்கள்" என்று சொல்ல மாஸ்கோவுக்கு வாய்ப்பே இல்லாமல் போனது.

#5 மதுரைவக்கீல்

1949 மே 4 உடன்பாட்டு வாசகத்தை எடுத்துப் பார்ப்பது நல்லது. ஒரு பக்கத்துக்குள் அடங்கும் ஆவணம். மூன்றே அம்சம்.

ஒன்று, பெர்லினுக்கும் மேற்கு மண்டலங்களுக்கும் இடையிலும், கிழக்கு மண்டலத்துக்கும் மேற்கு மண்டலங்களுக்கும் இடையிலும் "1948 மார்ச் 1 முதல்" சோவியத் அரசு விதித்த தடைகள் எல்லாம் மே 12-ல் விலகும். இரண்டு, அதே தேதியிலிருந்து மூன்று மேற்கு நாடுகளும் விதித்த தடைகளும் மே 12-ல் விலகும். மூன்று, பதினொரு நாள் கழித்து மே 23-ல் பாரிஸில் வெளியுறவு அமைச்சர்கள் கூடி ஜெர்மனி பற்றியும், நாணயம் உட்பட பெர்லின் பிரச்சினைகள் பற்றியும் பேசுவார்கள்.

தொடக்கத் தேதியைக் கவனியுங்கள். முற்றுகை ஜூன் 24-ல் தொடங்கியது என்றுதான் எல்லாரும் எழுதுகிறோம். வாசகத்தில் மார்ச் 1 என்று இருக்கிறது. ஏப்ரல் தொடக்கத்திலேயே ராணுவ ரயில்களைச் சோதனை போடுவது, அனுமதிச் சீட்டு கேட்பது என்று தடைகள் ஆரம்பித்துவிட்டன. "ஜூன் 24 முதல்" என்று எழுதியிருந்தால் அந்த முந்தைய தடைகள் சட்டப்படி அப்படியே நின்றிருக்கும். மே 12 அன்று கதவு திறக்கும், காவல்காரன் மட்டும் வாசலிலேயே இருப்பான்.

எது தவறியது என்பதையும் சொல்லவேண்டும். மேற்கு நாடுகளுக்குப் பெர்லினுக்குப் போகும் உரிமை உண்டு என்று அந்தத் தாளில் ஒரு வரிகூட இல்லை. பழைய தடைகள் விலகும் என்றுதான் இருக்கிறது. புதிதாகத் தடை போடக்கூடாது என்றும் இல்லை. போதாததற்கு மே கடைசியில் பெர்லின் ரயில் ஊழியர்கள் வேலை நிறுத்தத்தில் இறங்கினார்கள். ரயில் நிர்வாகம் சோவியத் கையில் இருந்தது. மேற்கு பெர்லினில் குடியிருந்தவர்களுக்கும் கிழக்கு மார்க்கில் சம்பளம். அது ஜூன் கடைசி வரை நீண்டது. ஒதுக்கிவைத்த நாணயப் பிரச்சினை வேறு வாசல் வழியாக வந்து ரயிலை நிறுத்தியது என்று சொல்லலாம். விமானங்களும் மே 12-ல் நிற்கவில்லை. செப்டம்பர் 30 வரை பறந்து கையிருப்பைச் சேர்த்தன.

ஆக, உரிமையைப் பற்றி வாதாடி ஜெயிக்கப் பார்க்காமல் தடையை விலக்குவதோடு நிறுத்திக்கொண்டதால்தான் இது கையெழுத்தானது. அதற்கான விலையை 1958-ல் பெர்லின் நெருக்கடி மறுபடி மூண்ட பிறகு கொடுத்தார்கள். இரண்டும் உண்மை.

#6 செல்வி_மூன்றாமாண்டு

கேள்வி கேட்கலாமா? இவ்வளவு செய்தவரை 1951-ல் "செனட் நிராகரித்தது" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். கம்யூனிஸ்ட் என்று குற்றச்சாட்டு என்று இருந்தது. சோவியத்தோடு பேரம் பேசி ஜெயித்தவர்மீது அப்படி ஒரு குற்றச்சாட்டு எப்படி நின்றது?

#7 கலைமதி

செல்வி, முதலில் அந்த வாசகத்தைத் திருத்திக்கொள்ளுங்கள். செனட் அவரை நிராகரிக்கவில்லை. முழு அவையில் வாக்கெடுப்பே நடக்கவில்லை. நடந்த வரிசை இது.

1950 மார்ச் 8-ல், வெளியுறவுத் துறையில் கம்யூனிஸ்டுகள் என்ற புகாரை விசாரித்த செனட்டின் டைடிங்ஸ் துணைக்குழு முன்னால், புகாரைக் கிளப்பிய செனட்டர் ஜோசஃப் மெக்கார்த்தி, ஜெஸப்புக்குக் கம்யூனிஸ்ட் காரியங்கள்மேல் வழக்கத்துக்கு மாறான ஈர்ப்பு என்றார். அப்போது ஜெஸப் ஆசியச் சுற்றுப்பயணத்தில் இருந்தார். திரும்பி வந்து மார்ச் 20-ல் அதே குழுவின் முன் சாட்சியம் சொன்னார். ஜெனரல் மார்ஷலும், அப்போது கொலம்பியா பல்கலைக்கழகத் தலைவராக இருந்த ஐசன்ஹோவரும் அவர்மேல் நம்பிக்கை தெரிவித்து எழுதிய கடிதங்களைக் கையில் கொண்டுவந்திருந்தார்.

குற்றச்சாட்டுக்கு ஆதாரமாக வைத்தது பசிபிக் உறவுகள் கழகத்தோடு அவருக்கு இருந்த தொடர்பு. 1939-லும் அதற்கடுத்த ஆண்டுகளிலும் அதில் தலைமைப் பொறுப்புகள் வகித்தார். ஆசியாவை ஆராய்ந்த பேராசிரியர்கள், வணிகர்கள் பலர் இருந்த அமைப்பு அது. சில கம்யூனிஸ்ட் அனுதாபிகளும் இருந்தார்கள். கூடவே, சோவியத் உளவாளி என்று குற்றம் சாட்டப்பட்டிருந்த முன்னாள் வெளியுறவுத் துறை அதிகாரி ஆல்ஜர் ஹிஸ்ஸின் வழக்கில் ஹிஸ்ஸின் நன்னடத்தைக்கு ஜெஸப் சாட்சி சொன்னதையும் சேர்த்துக்கொண்டார்கள். டைடிங்ஸ் குழுவின் பெரும்பான்மை அறிக்கை மெக்கார்த்தியின் குற்றச்சாட்டுகளை ஏற்கவில்லை.

1951-ல் குடியரசுத் தலைவர் ட்ரூமன் அவரை ஐ.நா. பொதுச்சபைக்கான தூதுக்குழுவில் நியமித்தார். செனட் அயலுறவுக் குழுவின் ஐவர் துணைக்குழுவுக்குப் போனது. அக்டோபரில் 3-க்கு 2 என்று எதிராக முடிவு. ஆதரவு ஸ்பார்க்மன், ஃபுல்பிரைட். எதிர்ப்பு ப்ரூஸ்டர், அலெக்சாண்டர் ஸ்மித், ஜில்லட். ஜில்லட் ட்ரூமனின் சொந்தக் கட்சிக்காரர். அவர் ஓட்டுதான் திருப்பியது. அதன் பிறகு முழு அவையில் எடுக்காமலேயே செனட் கூட்டத்தொடர் முடிந்தது. அவை கூடாத நாட்களில் செனட் ஒப்புதல் இல்லாமலே குடியரசுத் தலைவர் நியமிக்கலாம் என்று அரசியலமைப்பின் இரண்டாம் பிரிவில் வழி இருக்கிறது. அந்த நியமனம் செனட்டின் அடுத்த கூட்டத்தொடர் முடியும்வரை செல்லும். சில நாளிலேயே ட்ரூமன் அந்த வழியில் நியமித்தார். ஜெஸப் பாரிஸ் பொதுச்சபைக்குப் போனார்.

அதனால் "துணைக்குழுவில் தோற்றார், முழு அவை முடிவெடுக்கவில்லை, இடைக்கால நியமனம் பெற்றார்" என்று எழுதுங்கள். நீளமாக இருந்தாலும் அதுதான் சரி.

#8 கடலோடி

கலைமதி மேடம் சொன்ன வரிசை சரி. ஒன்று சேர்க்கவேண்டும். எதிர்த்த எல்லாரையும் மெக்கார்த்தியின் ஆட்கள் என்று ஒதுக்கிவிட்டால் கதை புரியாது.

அலெக்சாண்டர் ஸ்மித் ஜெஸப்பின் நேர்மையையோ விசுவாசத்தையோ சந்தேகிக்கவில்லை. ஆசியாவில் தோற்றுப்போன கொள்கைக்கு அவர் அடையாளமாக நிற்கிறார் என்பதே ஸ்மித்தின் வாதம். அதற்கு முகாந்திரமும் இருந்தது. 1949 ஆகஸ்டில் வெளியுறவுத் துறை சீனா பற்றி ஒரு வெள்ளை அறிக்கை வெளியிட்டது. ஆயிரம் பக்கத்துக்கு மேல். தொகுப்பு வேலையை மேற்பார்த்தவர் ஜெஸப். அமெரிக்கா ஆதரித்த சீனத் தலைவர் சியாங் கை-ஷேக் மாவோவிடம் தோற்றது அமெரிக்காவின் தவறால் அல்ல என்று ஆவணம் ஆவணமாக அடுக்கிக் காட்டிய அறிக்கை அது.

காலை வாரியது எங்கே என்று முதல் பதிவில் கேட்டிருந்தீர்களே, இங்கேதான். ஆவணங்களை முழுசாக வைத்துவிட்டால் வாசகர் நியாயத்தை உணர்வார் என்பது நீதிமன்ற நம்பிக்கை. அரசியலில் அந்த ஆயிரம் பக்கமும் எதிரிக்குக் கிடைத்த மேற்கோள் களஞ்சியம் ஆனது. மாவோ தரப்பு அதைக் காட்டி அமெரிக்கத் தலையீட்டுக்கு இதோ ஒப்புதல் வாக்குமூலம் என்றது. குடியரசுக் கட்சி அதே தாள்களைக் காட்டி நண்பனைக் கைவிட்டதற்கு இதோ சாட்சி என்றது.

#9 நெய்தல்

1953-க்கும் 1961-க்கும் நடுவில் ஒரு தாவல் இருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள ஹேக் நீதிபதித் தேர்தல் எப்படி நடக்கிறது என்று தெரியவேண்டும். பலர் அமெரிக்க அரசு "நியமித்தது" என்று எழுதுகிறார்கள். தவறு.

வேட்பாளரை முன்மொழிவது அரசு அல்ல. நிரந்தர நடுவர் மன்றத்தில் ஒவ்வொரு நாட்டுக்கும் உள்ள தேசியக் குழு முன்மொழிகிறது. நீதிமன்றச் சட்டவிதி 4 அதைச் சொல்கிறது. பிறகு பொதுச்சபையும் பாதுகாப்பு கவுன்சிலும் தனித்தனியே வாக்களிக்கும். இரண்டிலும் முழுப் பெரும்பான்மை பெற்றால்தான் தேர்வு. பாதுகாப்பு கவுன்சிலில் இந்தத் தேர்தலுக்கு வீட்டோ செல்லாது. பதவிக்காலம் ஒன்பது ஆண்டு. இந்த வரிசையில் அமெரிக்க செனட்டின் ஒப்புதல் எந்த இடத்திலும் வராது.

1953-ல் பதவி விலகிக் கொலம்பியா திரும்பிய ஜெஸப் பாடமும் எழுத்துமாக இருந்தார். 1956-ல் "நாடுகடந்த சட்டம்" என்ற கருத்தை முன்வைத்த சிறு நூல் வந்தது. எல்லை தாண்டும் செயல்களையும் நிகழ்வுகளையும் ஆளும் சட்டம் எல்லாமே ஒரே துறை. அரசுகளுக்கு ஒன்று, வியாபாரிகளுக்கு இன்னொன்று என்று பிரித்துப் பார்த்தால் நடப்பது விளங்காது என்பது சாரம். இன்று பன்னாட்டு நிறுவன வழக்குகளைப் படிக்கும் எல்லாரும் அந்த வார்த்தையைப் பயன்படுத்துகிறார்கள். 1960 நவம்பரில் ஐ.நா. அவரை நீதிபதியாகத் தேர்ந்தெடுத்தது. கிரீன் ஹேக்வொர்த் இருந்த இடம். ஒரு துணைக்குழுவின் மூன்று ஓட்டு தடுத்த மனிதரை இரண்டு உலக அவைகள் தேர்ந்தெடுத்தன.

#10 மதுரைவக்கீல்

தென்மேற்கு ஆப்பிரிக்கா வழக்கை நான் எடுத்துக்கொள்கிறேன். இன்றைய நமீபியா.

எத்தியோப்பியாவும் லைபீரியாவும் 1960 நவம்பரில் தென்னாப்பிரிக்காமீது தொடுத்த வழக்கு. பழைய சர்வதேச சங்கத்தின் ஆணைப்படி அந்த நிலப்பகுதியை ஆளும் தென்னாப்பிரிக்கா, அங்கே நிறவெறிக் கொள்கையைப் புகுத்தி ஆணையை மீறுகிறது என்பது புகார். 1962-ல் முதற்கட்ட ஆட்சேபணைகளை 8-க்கு 7 என்று நீதிமன்றம் தள்ளியது. வழக்கை விசாரிக்கலாம் என்ற அந்த எட்டில் ஜெஸப் ஒருவர். தனித் தீர்ப்பும் எழுதினார்.

பிறகு வருடக்கணக்கில் வாதம். 1966 ஜூலை 18 அன்று தீர்ப்பு: மனுதாரர்களுக்கு இந்த விஷயத்தில் சட்ட உரிமையோ நலனோ இல்லை, தள்ளுபடி. ஓட்டு 7-க்கு 7. தலைவர் பெர்சி ஸ்பெண்டரின் இரண்டாவது ஓட்டு தீர்மானித்தது. நான்கு ஆண்டில் எப்படித் தலைகீழானது? சட்டம் மாறவில்லை, பெஞ்ச் மாறியது. எகிப்தின் பதாவி 1965-ல் காலமானார். பெருவின் பஸ்டமந்தே உடல்நலமில்லாமல் உட்காரவில்லை. பாகிஸ்தானின் ஜஃப்ருல்லா கான் வழக்கில் கலந்துகொள்ளவில்லை.

ஜெஸப்பின் மாறுபட்ட தீர்ப்பு நீதிமன்ற அறிக்கைத் தொகுதியில் 325-ஆம் பக்கத்தில் தொடங்கி 442-ல் முடிகிறது. வாசலிலேயே வழக்கை நிறுத்துவதற்குச் சட்டத்தில் நியாயமில்லை என்பது ஆரம்பம். அதற்காக மூல ஆணை எழுதப்பட்ட 1919 காலத்துக்கே போய், மற்ற நாடுகளுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை எதற்காகத் தரப்பட்டது என்று தோண்டுகிறார்.

இதில் நான் மிகவும் மதிக்கும் இடம் ஒன்று. அவர் மனுதாரர் பக்கம் நின்றாலும் அவர்கள் சொன்ன எல்லாவற்றையும் ஏற்கவில்லை. பொதுச்சபைத் தீர்மானங்கள் தாமே புதிய சட்டத்தை உண்டாக்கிவிடும் என்ற வாதத்தை அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மக்களின் நலனையும் சமூக முன்னேற்றத்தையும் "இயன்ற மட்டும்" வளர்க்கவேண்டும் என்று ஆணையின் 2-ஆம் பிரிவு சொல்கிறது. அந்தச் சொற்களை அளக்க ஒரு கோல் வேண்டும். அந்தக் கோலை ஆளும் அரசின் மனசுக்குள் தேடக்கூடாது. உலக சமுதாயத்தின் இன்றைய மதிப்பீட்டில்தான் தேடவேண்டும். நிறவெறியைக் கண்டித்துக் குவிந்த தீர்மானங்கள் அந்த மதிப்பீடு எது என்பதற்கான சாட்சி. சட்டமாக அல்ல, சாட்சியாக அவற்றை எடுத்துக்கொள்கிறார். ஜப்பானின் தனாகா அதே வழக்கில் இதைவிடத் தூரம் போனார். இரண்டையும் அடுத்தடுத்துப் படித்தால் வித்தியாசம் பளிச்சென்று தெரியும்.

அதே ஆண்டு அக்டோபர் 27-ல் பொதுச்சபை ஆணையை ரத்து செய்தது. 1971-ல், ஜெஸப் ஓய்வுபெற்ற பிறகு, தென்னாப்பிரிக்கா அங்கே இருப்பதே சட்டவிரோதம் என்று அதே நீதிமன்றம் ஆலோசனைக் கருத்து சொன்னது.

#11 பழையசுவடி

ஆசிய வாசகர்கள் மறந்துவிடும் ஒன்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1948 டிசம்பரில் டச்சுக்காரர்கள் இந்தோனேசியக் குடியரசுமீது இரண்டாம் முறை படையெடுத்துத் தலைவர்களைச் சிறைபிடித்தார்கள். 1949 ஜனவரியில் நேரு டெல்லியில் ஆசிய நாடுகளைக் கூட்டினார். அதே மாதம் பாதுகாப்பு கவுன்சிலில் டச்சு நடவடிக்கையைக் கண்டித்து அமெரிக்காவுக்காகப் பேசியவர் ஜெஸப். ஜனவரி 28-ல் 67-ஆம் தீர்மானம் நிறைவேறியது. ஐரோப்பியக் கூட்டாளியைச் சபையில் வைத்துக் கண்டிப்பது அன்று வாஷிங்டனுக்கு எளிதான காரியமல்ல.

#12 செல்வி_மூன்றாமாண்டு

எல்லாருக்கும் நன்றி. எங்கள் அணி இந்த ஆண்டு ஜெஸப் போட்டிக்கு மெமோரியல் (எழுத்து வாதம்) எழுதிக்கொண்டிருக்கிறது. நேரடியாகப் பாதிக்கப்படாத நாடு வழக்குத் தொடுக்கலாமா என்பது ஒரு விவாதப் புள்ளி. எதிர்மனுதாரர் பக்கத்துக்கு 1966 தீர்ப்பை முதல் ஆதாரமாக வைத்திருக்கிறோம். சரியா?

#13 நெய்தல்

தனியாக வைத்தால் அடி வாங்குவீர்கள், செல்வி. நீதிபதி ஆசனத்தில் இருப்பவர் கேட்கும் முதல் கேள்வியே "அந்தத் தீர்ப்பு இன்றும் நிற்கிறதா?" என்பதாகத்தான் இருக்கும்.

வரிசையாகப் படியுங்கள். 1970 பிப்ரவரி 5 பார்சலோனா டிராக்ஷன் தீர்ப்பின் 33, 34-ஆம் பத்திகள். எல்லா நாடுகளுக்கும் கடன்பட்ட கடமைகள் சில உண்டு, அவற்றைக் காப்பதில் எல்லா நாடுகளுக்கும் சட்ட நலன் உண்டு என்று நீதிமன்றம் அங்கே சொன்னது. 1966-ல் பட்ட களங்கத்தைத் துடைக்க எழுதிய பத்திகள் என்றே பலரும் வாசிக்கிறார்கள். ஜெஸப் அந்த வழக்கிலும் இருந்தார். முடிவை ஏற்றுக் காரணத்தை மட்டும் வேறாக எழுதினார்: பங்குதாரர்கள் பெல்ஜியக் குடிகள்தான் என்று பெல்ஜியம் மெய்ப்பிக்கவில்லை என்பது அவர் காரணம். அடுத்து 2012 பெல்ஜியம்-செனகல் வழக்கு. சித்திரவதை எதிர்ப்பு உடன்படிக்கையில் சேர்ந்த நாடு என்பதே வழக்குத் தொடுக்கப் போதும் என்றார்கள். பிறகு இனப்படுகொலை உடன்படிக்கையை வைத்து வந்த காம்பியா-மியான்மர் வழக்கு. 2020 ஜனவரி 23 இடைக்கால உத்தரவு, 2022 ஜூலை 22 முதற்கட்ட ஆட்சேபணைத் தீர்ப்பு.

எதிர்மனுதாரர் பக்கம் வாதாட இடமில்லாமல் போய்விடவில்லை. மேலே சொன்ன இரண்டு புதிய வழக்குகளும் குறிப்பிட்ட உடன்படிக்கைகளின் கீழ் வந்தவை. உங்கள் காம்ப்ரமியில் (போட்டிக்குத் தரும் வழக்கு விவரத் தாள்) அப்படி ஒரு உடன்படிக்கை இருக்கிறதா, இரு நாடும் அதில் உறுப்பா, எந்த விதிக்காவது கட்டுப்பட மாட்டோம் என்று விலக்கு வைத்திருக்கிறார்களா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள். வெறும் வழக்காற்றுச் சட்டம் மட்டும் இருந்தால் உங்களுக்குக் கொஞ்சம் மூச்சு விட இடமுண்டு.

#14 மதுரைவக்கீல்

நெய்தல் சொன்னதோடு எழுத்து, வாய்மொழி இரண்டுக்கும் சில குறிப்புகள்.

1960-ல் ஹார்வர்டில் இரண்டு அணிகளோடு தொடங்கிய போட்டி. முதல் வழக்குச் சிக்கலை எழுதியவர் ஸ்டீபன் ஷ்வெபல். பின்னாளில் அவரும் ஹேக் நீதிபதியானார். 1968 முதல் அமெரிக்காவுக்கு வெளியே இருந்தும் அணிகள் வருகின்றன. பெங்களூரு தேசிய சட்டப் பள்ளி 1999-லும் 2013-லும் உலகக் கோப்பையை வென்றிருக்கிறது. அதனால் இந்தியத் தேசியச் சுற்றிலேயே போட்டி கடுமை.

ஒரே அணி மனுதாரருக்கும் எதிர்மனுதாரருக்கும் எழுதவேண்டும். இரண்டு பேரைப் பிரித்து ஆளுக்கொரு பக்கம் கொடுத்துவிட்டு கடைசி வாரம்வரை பேசிக்கொள்ளாமல் இருந்தால் வருவது இதுதான்: இரண்டு மெமோரியலும் ஒன்றின் வாதத்தை மற்றொன்று தொடவே தொடாது. பாதி வேலை முடிந்ததும் பக்கம் மாற்றிக்கொண்டு ஒருவர் எழுதியதை மற்றவர் உடைக்கவேண்டும்.

காம்ப்ரமியில் இல்லாத உண்மையைச் சேர்க்காதீர்கள். "இருக்கும் என்று ஊகிக்கலாம்" என்று எழுதிய இடத்தில் எல்லாம் மதிப்பெண் கசியும். ஆனால் எது சொல்லப்படவில்லை என்பதை வாதமாக்கலாம். ஒரு நாடு உடன்படிக்கையில் கையெழுத்திட்டது என்று மட்டும் இருந்து, ஏற்புறுதி செய்தது என்று இல்லாவிட்டால், அந்த இடைவெளி ஒரு முழு வாதத்துக்குச் சமம்.

சொல் வரம்பு, அடிக்குறிப்பு விதி, ஒப்படைக்கும் நேரம் ஆகிய மூன்றுக்கும் அந்தந்த ஆண்டு விதிப்புத்தகத்தை மட்டுமே நம்புங்கள். சீனியர் கொடுத்த பழைய மாதிரியை நம்பி வரம்பு மீறினால் தண்டப் புள்ளி விழும், வாதம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அது திரும்பி வராது.

வாய்மொழியில் ஒரு தரப்புக்கு 45 நிமிடம். இரண்டு பேர் பேசுவீர்கள். ஒருவர் மறுப்புரையையும் சேர்த்து 25 நிமிடத்துக்கு மேல் போகக்கூடாது. கேள்விகளுக்கே பாதி நேரம் போய்விடும் என்பதால் 12 நிமிடத்தில் சொல்லி முடிக்கக்கூடிய அளவுக்குத்தான் தயார் செய்யவேண்டும். பதில் தெரியாத கேள்வி வந்தால் சுற்றி வளைக்காமல் "அந்தப் புள்ளியில் பதிவேட்டில் தகவல் இல்லை, மேன்மை தங்கிய நீதிபதி அவர்களே" என்று சொல்லி அடுத்த வாதத்துக்குப் போங்கள். மாலிக் அன்று தெரியாது என்று சொன்னது ஒன்றும் தோல்வியாகிவிடவில்லையே.

#15 செல்வி_மூன்றாமாண்டு

பக்கம் மாற்றிக்கொள்ளும் யோசனையை இன்றே அணியில் வைக்கிறேன். பிப்ரவரி 15 பேச்சின் மூலக் குறிப்பு எங்காவது படிக்கக் கிடைக்குமா?

#16 பழையசுவடி

கிடைக்கும். அமெரிக்க வெளியுறவுத் துறை தன் பழைய ஆவணங்களை ஆண்டுவாரியாக அச்சிட்டு இணையத்திலும் இலவசமாக வைத்திருக்கிறது. 1949-ஆம் ஆண்டின் மூன்றாம் தொகுதி, ஜெர்மனி-ஆஸ்திரியா. அதில் ஜெஸப்-மாலிக் உரையாடல்கள் தேதி வரிசையில் இருக்கின்றன. மார்ச் 15, மார்ச் 21, ஏப்ரல் 5 மூன்றையும் ஒரே மூச்சில் படியுங்கள். பிறகு மே 4 வாசகத்துக்குப் போங்கள். மதுரைவக்கீல் சொன்ன மார்ச் 1 தேதியைப் பென்சிலால் வட்டமிட்டுவிட்டுப் படித்தால் மற்றது தானே விளங்கும்.